இன்ஃபினிட் ஃப்யூஷன்: பெரிய பெயர்கள் ஆறும் இருந்தும் ப்ரூனோவைத் தாண்ட முடியவில்லை

ஆறாவது பந்து:
வணக்கம் நண்பர்களே. இரண்டு போக்கிமானைச் சேர்த்து ஒன்றாக்கும் இன்ஃபினிட் ஃப்யூஷன் என்ற ரசிகர் விளையாட்டில் எட்டு பேட்ஜும் வாங்கி, சாம்பியனுக்கு முன் வரிசையாக ஜெயிக்க வேண்டிய நால்வரான எலைட் ஃபோர் வாசலுக்கு வந்துவிட்டேன். மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். முதலாமவர் லொரலையை எப்படியோ தட்டுத் தடுமாறித் தாண்டுகிறேன். இரண்டாமவர் ப்ரூனோ முன்னால் போய் நின்றதும் ஒவ்வொன்றாக விழுகிறது. இத்தனைக்கும் என் அணியில் ஒன்றுகூடச் சாதாரணப் போக்கிமான் இல்லை. பாருங்கள் (முதலில் தலை, அடுத்து உடல்):

அலகசாம் + மச்சாம்ப்
கெங்கர் + கியாரடோஸ்
ப்ளிஸ்ஸி + ஃபாரெட்ரஸ்
ஆர்கனைன் + லாப்ரஸ்
ஸ்நார்லாக்ஸ் + எலெக்டிவயர்
டிராகனைட் (சேர்க்கவில்லை, மனசு வரவில்லை)

எல்லாம் 52, 53 லெவல். இன்னும் பத்து லெவல் ஏற்றினால் சரியாகிவிடுமா, அணியே தப்பா?

பழைய கார்ட்ரிட்ஜ்:
லெவல் ஏற்றினால் எதுவும் சரியாகும் தம்பி. 70க்குக் கொண்டுபோய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். ஆனால் அதற்கு ஃப்யூஷன் விளையாட்டு எதற்கு? அந்த அலகசாம் மச்சாம்ப் விஷயத்தைக் கணக்குப்பிள்ளை வந்து பார்த்தால் அழுதுவிடுவார்.

கணக்குப்பிள்ளை:
அழவில்லை. ஆனால் இதை ஏறக்குறைய எல்லோருமே முதலில் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

தலையாகப் போகிற போக்கிமானிடமிருந்து எச்.பி. (உயிர்ப் புள்ளி), சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு ஆகியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வரும். உடலாகப் போவதிடமிருந்து தாக்குதல், தற்காப்பு, வேகம் ஆகியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வரும். மீதி ஒரு பங்கு மற்றதிடமிருந்து. எந்தப் பக்கமும் எதுவும் முழுதாக வராது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அலகசாமின் பெருமை இரண்டு: சிறப்புத் தாக்குதல் 135, வேகம் 120. தலையாக வைத்தால் முதலாவது பிழைக்கிறது, இரண்டாவது போகிறது. வேகம் உடலிலிருந்து வருகிறது, மச்சாம்பின் வேகமோ 55. விளைவு: சிறப்புத் தாக்குதல் 111, தாக்குதல் 103, வேகம் 76. இரண்டு வகையாகவும் அடிக்கும், இரண்டிலும் சுமார், அதற்கு மேல் எதிராளி அடித்து முடித்த பிறகுதான் இதற்கு முறை வரும்.

புரட்டிப் போட்டாலும் தீராது. மச்சாம்ப் தலை, அலகசாம் உடல் என்றால் வேகம் 98, தாக்குதல் 76, சிறப்புத் தாக்குதல் 88. வேகமாகப் போய் மெதுவாகக் கிள்ளிவிட்டு வரும்.

கெங்கர் கியாரடோஸும் இதே கதை. சிறப்புத் தாக்குதல் 106, தாக்குதல் 105, வேகம் 90. எழுதிப் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆறாவது பந்து:
ஐயோ. நான் இரண்டிலும் 100க்கு மேல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஒரு போக்கிமானுக்கு நான்கு மூவ் (களத்தில் செய்யும் செயல்) தான். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். ஒரு மூவ் தாக்குதல், சிறப்புத் தாக்குதல் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கும், அதனால் அடிக்கிற நேரத்தில் இரண்டு தாக்குதல் எண்களில் ஒன்று சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற எண்ணுக்காக வேகத்தை விற்றிருக்கிறீர்கள்.

உங்கள் ஆறு பேரின் வேகத்தையும் வரிசையாக எழுதினேன்: 76, 90, 45, 71, 73, 80. நூறைத் தொடுகிற ஒருவர்கூட இல்லை. ஆறு பேரும் நடுத்தர வேகம் என்றால் ஆறு பேரும் முதலில் ஒரு அடி வாங்கிவிட்டுத்தான் திருப்பி அடிப்பார்கள். மெதுவான அணியை வைத்தும் ஜெயிக்கலாம், ஆனால் அதற்கு அடி தாங்க வேண்டும். உங்களுடையது தாங்கவும் இல்லை, முந்தவும் இல்லை.

ஆமைவேகம்:
தாங்குவது பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வந்துவிட்டேன். ப்ளிஸ்ஸி ஃபாரெட்ரஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ப்ளிஸ்ஸியைத் தலையாக வைத்தது நல்ல புத்தி. 255 எச்.பி.யில் 170 அப்படியே வருகிறது, ஃபாரெட்ரஸின் பங்கும் சேர்ந்து 195. தற்காப்பு 96, சிறப்புத் தற்காப்பு 110. எண்களைப் பார்த்தால் கோட்டைச் சுவர். ஆனால் எந்த அடி எவ்வளவு படும் என்று தீர்மானிக்கிற வகையைப் பார்த்தீர்களா? ப்ளிஸ்ஸி தலையிலிருந்து நார்மல், ஃபாரெட்ரஸ் உடலிலிருந்து ஸ்டீல். நார்மலுக்கு ஃபைட்டிங் இரு மடங்கு, ஸ்டீலுக்கும் இரு மடங்கு. சேர்ந்து நான்கு மடங்கு. ப்ரூனோ முழுக்க முழுக்க ஃபைட்டிங் ஆள். கோட்டைச் சுவரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிரிக்குச் சாவியும் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஆர்கனைன் லாப்ரஸ் ஃபயர், ஐஸ். ஐஸுக்கும் ஃபைட்டிங் ஆகாது. ஸ்நார்லாக்ஸ் எலெக்டிவயர் நார்மல், எலெக்ட்ரிக். அதற்கும் ஆகாது. ஆறில் மூன்று ஒரே வகைக்குப் பலவீனம், அதில் ஒன்று நான்கு மடங்கு. நீங்கள் ப்ரூனோவிடம் தோற்பதில் மர்மமே இல்லை.

ஆறாவது பந்து:
இதை நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகத்தான் பார்த்தேன். அப்படியானால் ப்ளிஸ்ஸிக்கு எந்த உடல்?

ஆமைவேகம்:
ஸ்லோப்ரோ. நார்மல், சைக்கிக் வரும். சைக்கிக் ஃபைட்டிங்கைப் பாதியாக்கும், அதனால் மொத்தத்தில் சாதாரண அடி. கோஸ்ட் அடி நார்மலால் படவே படாது. மிஞ்சுகிற பலவீனம் டார்க், பக் இரண்டுதான். எச்.பி. 201, தற்காப்பு 76, சிறப்புத் தற்காப்பு 116. தற்காப்பில் இருபது புள்ளி போனது உண்மைதான். நான்கு மடங்கு அடியை ஒரு மடங்காக்கக் கொடுத்த விலை என்று பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மூவ்கள்: சாஃப்ட்பாயில்ட் (எச்.பி. மீட்கும்), தண்டர் வேவ், ஐஸ் பீம், சைக்கிக். சிறப்புத் தாக்குதல் 83தான், ஆனால் டிராகனும் ஃப்ளையிங்கும் சேர்ந்த ஆளை ஐஸ் பீம் நான்கு மடங்கு அடிக்கும்போது 83 போதும். தண்டர் வேவ் பட்டால் எதிராளியின் வேகம் பாதியாவது குறையும், அப்புறம் உங்கள் நடுத்தர வேகக்காரர்களுக்கும் முதல் அடி கிடைக்கும். வேகத்தை ஏற்றத்தான் வேண்டும் என்றில்லை, எதிராளியுடையதைக் குறைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மின்னல்வால்:
ஆமை அண்ணன் வழக்கம்போல எல்லோரையும் உட்கார வைக்கப் பார்க்கிறார். நான் ஒரு வேகமான ஆளைச் சொல்கிறேன்.

மிஸ்மேஜியஸ் தலை, ஜோல்ட்டியான் உடல். கோஸ்ட், எலெக்ட்ரிக். வேகம் 121, சிறப்புத் தாக்குதல் 106. அபிலிட்டி (தானாக வேலை செய்யும் தனித்திறன்) தேர்ந்தெடுக்கும்போது மிஸ்மேஜியஸின் லெவிடேட்டை எடுங்கள். எலெக்ட்ரிக்குக்கு இருக்கிற ஒரே பலவீனம் கிரவுண்டு, லெவிடேட் அதை அடைத்துவிடும். நார்மல் படாது, ஃபைட்டிங் படாது, கிரவுண்டு படாது. கோஸ்ட், டார்க் இரண்டுக்கு மட்டும் பயப்பட வேண்டும். ப்ரூனோவின் முக்கியமான அடி எல்லாம் காற்றில் போகும்.

ரோட்டம் என்ற போக்கிமான் தெரிந்தவர்களுக்கு இது பழைய நண்பர். அதே வகை, அதே அபிலிட்டி. ரோட்டமின் வேகம் 91, இதன் வேகம் 121, அதுதான் பெரிய வித்தியாசம்.

ஆறாவது பந்து:
ஜோல்ட்டியானைத் தலையாக வைத்தால்?

மின்னல்வால்:
சிறப்புத் தாக்குதல் 108, வேகம் 113. இரண்டு புள்ளிக்கு எட்டு புள்ளியைக் கொடுப்பீர்கள். 121 என்றால் அலகசாமை (120) முந்தலாம். 113 என்றால் ஸ்டார்மியிடம் (115) பின்தங்கிவிடுவீர்கள். நான் 121தான் எடுப்பேன்.

கணக்குப்பிள்ளை:
இந்த ஜோடி ஏன் வேலை செய்கிறது, உங்கள் அலகசாம் ஜோடி ஏன் செய்யவில்லை என்று பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது. மிஸ்மேஜியஸும் ஜோல்ட்டியானும் ஒரே வேலை செய்கிறவர்கள். இருவரும் வேகம், இருவரும் சிறப்புத் தாக்குதல். எப்படிப் பங்கு போட்டாலும் பெரிதாகக் குறையாது. எதிரெதிர் வேலை செய்கிறவர்களைச் சேர்த்தால்தான் சராசரி என்ற பள்ளத்தில் விழுகிறோம். பெயர் பெரிதா என்று பார்க்காதீர்கள், வேலை ஒன்றா என்று பாருங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ்:
எதிரெதிர் ஆட்களைச் சேர்ப்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவரிடமிருந்து அபிலிட்டி மட்டும் வேண்டும் என்றால் எண்ணைப் பற்றிக் கவலை இல்லை.

ஸ்லேகிங் தெரியும்தானே. தாக்குதல் 160. ஆனால் ட்ரூவண்ட் என்ற அபிலிட்டியால் ஒரு முறை அடித்தால் அடுத்த முறை சும்மா கிடக்கும். அதற்கு அஸுமரில்லைத் தலையாக வையுங்கள், ஹ்யூஜ் பவரைத் தேர்ந்தெடுங்கள். சோம்பேறித்தனம் போய்விட்டது, தாக்குதல் இரட்டிப்பாகிவிட்டது. பேஸ் (அடிப்படை) தாக்குதல் 123க்கு இறங்கும், ஆனால் இரட்டிப்பான பிறகு ஸ்லேகிங் தனியாக இருந்ததைவிட எங்கேயோ போய்விடும். வாட்டர், நார்மல். எச்.பி. 116, வேகம் 83. வேகம் போதாதபோது அக்வா ஜெட், அது வேகம் பார்க்காமல் முதலில் போகும்.

கணக்குப்பிள்ளை:
லெவல் 50ல் களத்தில் வரும் எண்ணைக் கணக்கு போட்டேன், ஐ.வி. (பிறவிப் புள்ளி) 31, பயிற்சிப் புள்ளி எதுவும் இல்லாமல். தனி ஸ்லேகிங்கின் தாக்குதல் 180. இந்தச் சேர்க்கைக்கு 143, இரட்டித்தால் 286. அதுவும் ஒவ்வொரு முறையும் அடிக்கும்.

ஆமைவேகம்:
இதை வைத்து விளையாடினால் விளையாட்டே இல்லை. ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது.

பழைய கார்ட்ரிட்ஜ்:
மூன்று நாளாக வாசலில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் போய் அழகியல் பேசாதீர்கள். முதலில் உள்ளே போகட்டும். அப்புறம் ஒரே வகை அணி, ஒரு முறை செத்தால் செத்ததுதான் என்று எப்படி வேண்டுமானாலும் கஷ்டப்பட்டுக்கொள்ளட்டும்.

மின்னல்வால்:
ஸ்டெல்த் ராக் (எதிராளி உள்ளே அனுப்பும் ஒவ்வொன்றையும் குத்தும் கல்) போடச் சொல்லவா?

பழைய கார்ட்ரிட்ஜ்:
மனிதர்களோடு விளையாடும்போது அது தங்கம். அவர்கள் மாற்றி மாற்றி உள்ளே அனுப்புவார்கள், ஒவ்வொரு தடவையும் கல் குத்தும். இங்கே எதிரில் இருப்பது கணினி. அது பெரும்பாலும் செத்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். ஒரு முறை செலவு செய்து கல் போடுவதற்குப் பதில் அந்த முறையில் ஒரு அடி அடித்துவிட்டுப் போகலாம்.

கணக்குப்பிள்ளை:
பாதி ஒப்புக்கொள்கிறேன். எதிராளியிடம் ஆறு இருந்தால், முதலாவது ஏற்கனவே களத்தில் நிற்கிறது. மீதி ஐந்தும் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு இழக்கும். ஐந்தும் சேர்ந்து 62.5 சதவீதம். நல்ல அடி ஒன்று இதை ஈடுகட்டிவிடும், அதனால் லொரலையிடமோ ப்ரூனோவிடமோ நான் போட மாட்டேன்.

ஆனால் நால்வரில் கடைசி ஆளான, டிராகன்காரர் லான்ஸ் வேறு. ஃப்ளையிங் கலந்திருந்தால் கல் இரு மடங்கு குத்தும், ஆளுக்குக் கால் பங்கு. நான்கு பேர் அப்படி வந்தால் கூட்டிப் பார்த்தால் ஒரு முழுப் போக்கிமானின் எச்.பி. போய்விட்டது. அதோடு எச்.பி. முழுதாக இருந்தால் மட்டும் வேலை செய்கிற சங்கதிகள் உண்டு: ஸ்டர்டி, ஃபோகஸ் ஸாஷ், மல்டிஸ்கேல். கல் குத்திய பிறகு இவை எதுவும் வேலை செய்யாது.

இன்னொன்று, உங்கள் ஆர்கனைன் லாப்ரஸுக்குக் கல் நான்கு மடங்கு. எதிராளி போட்டால் உள்ளே வரும்போதே பாதி உயிர் போய்விடும். அதை எப்படியும் பிரித்துவிடுங்கள். பிரிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பழைய கார்ட்ரிட்ஜ்:
லான்ஸுக்கு மட்டும் என்றால் சரி. மீதிக்கு நான் சொன்னதுதான்.

ஆறாவது பந்து:
நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். ப்ளிஸ்ஸி ஸ்லோப்ரோ, மிஸ்மேஜியஸ் ஜோல்ட்டியான், அஸுமரில் ஸ்லேகிங் மூன்றையும் செய்துவிட்டேன். ஸ்நார்லாக்ஸ் எலெக்டிவயரை வைத்துக்கொண்டேன் (131 எச்.பி., 118 தாக்குதல், பிடித்திருக்கிறது). டிராகனைட் அப்படியே. ஆறாவதாகக் கல் போட ஒரு ஸ்டீலிக்ஸ்.

ப்ரூனோ முடிந்தார்! மின்னல்வால் சொன்ன மாதிரியே பாதி அடி காற்றில் போனது. ஆனால் மூன்றாமவர் அகதாவிடம் மாட்டிக்கொண்டேன். மிஸ்மேஜியஸ் ஜோல்ட்டியான் கெங்கரை முந்தும் என்று நம்பி அனுப்பினேன். 121க்கு எதிரே 110தானே? கெங்கர் முதலில் அடித்தது. ஷேடோ பால் என்ற கோஸ்ட் மூவ். ஒரே அடி.

கணக்குப்பிள்ளை:
அது என்ன லெவல்?

ஆறாவது பந்து:
என்னுடையது 52. கெங்கர் 58 என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அதுதான். பேஸ் வேகம் என்பது விதை, களத்தில் ஓடுவது அது அல்ல. 121 பேஸ், லெவல் 52 என்றால் வேகம் 146. 110 பேஸ், லெவல் 58 என்றால் 150. நான்கு புள்ளியில் தோற்றீர்கள்.

இங்கே லெவல் ஏற்றுவதுதான் வழி என்று நினைக்காதீர்கள். பயிற்சிப் புள்ளி இருக்கிறது. வேகத்தில் முழு 252 போட்டால் அதே லெவல் 52ல் 146 என்பது 179 ஆகும். இயல்பும் டிமிட் என்றால் பத்து சதவீதம் ஏறி 196. கெங்கர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மொத்தம் 510 புள்ளி கிடைக்கும், ஒரு எண்ணில் 252க்கு மேல் ஏறாது. வேகம் 252, சிறப்புத் தாக்குதல் 252, மீதி எச்.பி.க்கு. சண்டை போட்டு ஏற்றப் பொறுமை இல்லையென்றால் வைட்டமின் வாங்கிக் கொடுங்கள், ஒன்றுக்குப் பத்துப் புள்ளி.

ஆமைவேகம்:
அல்லது அகதாவிடம் அதை அனுப்பாமலே இருக்கலாம். ஷேடோ பாலுக்குப் பலவீனமான, 61 எச்.பி. உள்ள ஆளைக் கோஸ்ட் வீராங்கனையிடம் ஏன் அனுப்ப வேண்டும்? ப்ளிஸ்ஸி ஸ்லோப்ரோவுக்கு ஷேடோ பால் படவே படாது. விஷம் ஏறினால் நேச்சுரல் க்யூர், வெளியே எடுத்தால் தெளிந்துவிடும். அஸுமரில் ஸ்லேகிங்கும் நார்மல்தான், அதற்கும் கோஸ்ட் அடி படாது. ஆனால் உங்கள் நார்மல் மூவ்களும் கோஸ்ட் மேல் படாது என்பதை மறக்காதீர்கள், வாட்டர் மூவால்தான் அடிக்க வேண்டும்.

ஆறாவது பந்து:
அதையும் மறந்தேன். பாடி ஸ்லாமை அழுத்திவிட்டு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்னல்வால்:
இந்தத் தடவை ஆமை அண்ணன் சொல்வது சரி. என் ஆள் லொரலை, ப்ரூனோ இருவருக்கும்தான். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி கிடையாது.

பழைய கார்ட்ரிட்ஜ்:
டிராகனைட்டை என்ன செய்கிறீர்கள்? அதைச் சேர்க்காமல் வைத்தது நல்லதுதான். ஒரு டிராகன் டான்ஸ் ஆடினால் தாக்குதலும் வேகமும் ஒன்றரை மடங்கு. தண்டர் வேவ் பட்ட ஆள் எதிரே நிற்கும்போது உள்ளே விட்டு ஆட விடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
லெவல் 60ல், பயிற்சி இல்லாமல், டிராகனைட்டின் வேகம் 119. ஒரு டான்ஸுக்குப் பிறகு 178. அதே லெவலில் 121 பேஸ் உள்ள ஆளின் வேகம் 168, அதையும் முந்திவிடும். தனி ஜோல்ட்டியானிடம் மட்டும் (179) ஒரு புள்ளியில் தோற்கும். இந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம்.

ஆறாவது பந்து:
லான்ஸ் முடிந்தார்! ஸ்டீலிக்ஸ் கல் போட்டுவிட்டு விழுந்தது. ஐஸ் பீமில் இரண்டு போனது. தண்டர் வேவ் பட்ட ஒன்றின் முன்னால் டிராகனைட்டை விட்டு இரண்டு தடவை ஆட வைத்தேன். அப்புறம் யாரும் என்னைத் தொடவில்லை.

சாம்பியனிடம் தோற்றேன். அவனிடம் கடைசி ஒன்று, என்னிடம் அஸுமரில் ஸ்லேகிங். எலெக்ட்ரிக் மூவ் வரும் என்று தெரிந்தும் அக்வா ஜெட்டுக்குப் பதில் பெரிய மூவை அழுத்தினேன். அவன் முந்திவிட்டான். அக்வா ஜெட்டே போதுமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவனுடையதின் எச்.பி. சிவப்பில்தான் இருந்தது.

பழைய கார்ட்ரிட்ஜ்:
அது அணியின் தப்பு இல்லை தம்பி.

ஆறாவது பந்து:
தெரியும். வைட்டமின் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீலிக்ஸ் லான்ஸுக்கு மட்டும்தான் உதவியது, அதன் இடத்தில் சாம்பியனுக்கு யாரை வைக்கலாம்? கிரவுண்டு இருந்தால் அந்த எலெக்ட்ரிக் அடி பட்டிருக்காது.

ஆமைவேகம்:
ஸ்டீலிக்ஸே பாதி கிரவுண்டுதானே. உயிரோடு வைத்திருந்து அந்த நேரத்தில் உள்ளே விட்டிருக்கலாம். லான்ஸ் முடிந்ததும் ரிவைவ் (விழுந்ததை எழுப்பும் மருந்து) கொடுத்தீர்களா?

ஆறாவது பந்து:
…இல்லை.